கிழக்குப் பார்த்து நின்ற கேம்பர்வேன்

அந்தச் சனிக்கிழமை ஏரிக்குப் போனது நான்கு பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான். அத்தான் வரவில்லை. துறைமுகத்தில் அவருக்கு ஷிப்ட்; இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார். "வீட்டுல கட்டில் இருக்கறப்போ வண்டிக்குள்ள போயி எதுக்குடா படுக்கணும்?" என்று போனிலேயே கேட்டுவிட்டார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் எல்லா ஜன்னல்களும் எதிர் மாடியைத்தான் பார்க்கும். அம்மா வெளியே தங்கியது என்றால் கோயில், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. நான் பல்கலைக்கழகம் முடித்து, பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸ் வாங்கியதும், இவர்களை ஓர் இரவாவது தண்ணீர்ப் பக்கத்தில் தூங்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சுங்கை பாக்காப்பைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே, மணல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி அது. பிப்ரவரியில் வேலையிட நண்பர்களோடு போயிருந்தேன். அப்போது கரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூடார ஆணி இறங்காமல் வளைந்தது. பள்ளி விடுமுறையில் போனால் பிள்ளைகளின் சத்தத்தில் தவளைகூட ஓடிவிடும் என்றார்கள். அதனால் அக்டோபரில், படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வாடகையும் குறைவு, கூட்டமும் இல்லை. ஏன் இல்லை என்று மழைதான் பிறகு சொன்னது.

அப்பா பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றி பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஞாயிறு ஓட்டத்துக்கு இரட்டைக் கூலி. அதன்மேல் கண் வைத்துப் பலர் காத்திருந்தார்கள். பஸ் முதலாளி முந்தின வாரம்தான் எல்லா டிரைவர்களையும் நிறுத்தி, ஒரு தடவை வண்டி வராவிட்டால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்கு என்று சொல்லியிருந்தார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கடல் பாலத்த தாண்டி வீட்டுக்கு வந்துறணும்லா," என்றார் அப்பா, ஏறும்போதே. யூனிபார்ம் சட்டையைத் தேய்த்து ஹேங்கரில் மாட்டி எடுத்து வந்திருந்தார்.

ஏரிக்கரையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நீளச் சரளைத் திட்டு ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்து மூக்கை நீட்டி நிறுத்தினேன். அம்மா உள்ளே ஏறி, அடுப்பைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சூரியனைப் பார்த்தார்.

"அடுப்பு தெக்கப் பாத்து இருக்கு."

"அம்மா, இது வண்டி," என்றேன்.

"அடுப்பு இருக்கு, படுக்க இருக்கு, கதவு இருக்கு. வீடு இல்லாம என்னா? பால் காய்ச்சாம நான் படுக்க மாட்டேன். அதுவும் புரட்டாசில."

"ஒரு ராத்திரி வீட்டுக்குக் கிரகப்பிரவேசமா?" என்று அக்கா சிரித்தாள். "ஐயரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா."

அப்பா சிரிக்கவில்லை. நாங்கள் வாடகைக்குப் புகுந்த ஒவ்வோர் அறையிலும் முதலில் பொங்கியது பால்தான். அவர் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். "ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. போதும்." வண்டி கரையோடு ஒட்டித் திரும்பியது. அடுப்பு கிழக்குப் பார்த்தது. திட்டு குறுகல் என்பதால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் சரளைக்கு வெளியே புல்லில் நின்றன. பால் பொங்கியது. அம்மா ஆளுக்குக் கொஞ்சம் டம்ளரில் கொடுத்தார். ஏரி செம்மண் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் எல்லாம் செய்தேன்.

பிறகு மழை பிடித்தது.

காலையில் எழுந்தபோது அக்கா என் பக்கம் உருண்டு வந்திருந்தாள். வண்டியே சாய்ந்திருந்தது. ஏரிப்பக்கச் சக்கரங்கள் பாதிவரை சேற்றில் இறங்கியிருந்தன. ஏரித் தண்ணீர் வண்டியின் படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. முடுக்கினேன். சக்கரம் சுற்றியது, வண்டி இன்னும் இறங்கியது.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் குடையோடு வந்து சுற்றிப் பார்த்தார். "கல்லுமேலதானே தம்பி நிறுத்தணும். ஏன் இப்படித் திருப்பினீங்க?"

அம்மாவை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. "காத்துக்காக," என்றார் அப்பா.

"தோட்டத்து டிராக்டர் வந்தாதான் இழுக்க முடியும். ஆனா வர்ற வழியில சின்னப் பாலம் முங்கிருச்சு. மழை விட்டாத்தான்."

"எப்ப விடும்?"

"அது எங்கிட்ட கேட்டா?"

அதற்குப் பிறகு அந்த நாள் முழுவதும் வண்டியே எங்களுக்கு உலகம். கூரை ஜன்னலைத் திறந்தால் மழை, கதவைத் திறந்தால் கொசு. சாய்வினால் குளிர்ப்பெட்டிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. நான்கு பேர் மூச்சில் கண்ணாடி மங்கியது. அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் கழிப்பறை இருப்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "பால் காய்ச்சுன எடத்துலயா," என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொதுக் கழிப்பறைக்குப் போகும் பாதையில் முழங்கால் தண்ணீர். கடைசியில் எங்கள் எல்லோரையும் முன்சீட்டில் நெருக்கி உட்காரவைத்து, அக்காவைப் போனில் சத்தமாகப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு, உள்ளே போனார். அதற்குச் சிரித்தது மட்டும்தான் அன்றைய சிரிப்பு.

பிரெட் தீர்ந்தது. ஒரு ஆள் நகர்ந்தால் இன்னொரு ஆள் காலைத் தூக்க வேண்டும். அப்பா மணி பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், முங்கிய பாலம் இருக்கும் திசையைப் பார்ப்பார்.

"நடந்து ரோட்டுக்குப் போயிரலாமாப்பா? அங்கேர்ந்து கிராப் டாக்சி எடுத்துக்கலாம்," என்றேன்.

"முங்கின பாலத்துல நடந்தா போவ? நீதான் படிச்சவன்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு, போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய் நின்றார். மழையையும் மீறி, அவர் முதலாளியிடம் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"வண்டி வராது போஸ்."

பதிலைக் கேட்டபடி நெடுநேரம் நின்றார். "ஆமா, மழைன்னா எல்லாருக்கும் மழைதான். சரி. சரி போஸ்." திரும்பி வந்து, ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, தேய்த்த யூனிபார்மைத் தொடாமல் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

"என்னா சொன்னாரு?" என்றார் அம்மா.

"வேற பஸ் எடுத்துக்கறாராம்."

அம்மா அடுப்பைப் பார்த்தார். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

"நான்தானே கை காட்டுனேன்," என்றார் அப்பா. "விடு."

ஐந்தரைக்கு அவர் எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் பின்னால் சாய்ந்த கட்டிலில், கீழே சறுக்காமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

டிராக்டர் திங்கட்கிழமை மதியம்தான் வந்தது. ஞாயிறு ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று முதலாளி அந்த வாரமே சொல்லிவிட்டார். வார நாள் ஓட்டம் மட்டும் அப்பாவுக்கு மிச்சம். இப்போது ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் இருக்கிறார், எதிர் மாடியைப் பார்த்த ஜன்னலோரம். "ஞாயித்துக்கெழம நான் ஃப்ரீலா," என்று அத்தானிடம் சொன்னார், நல்ல செய்தி போல.

இழந்த அந்த இரட்டைக் கூலி இந்தச் செலவுக் கணக்கில் சேராது. டிராக்டருக்கு முன்னூற்று ஐம்பது, கேம்பர்வேனுக்குக் கூடுதல் நாள் வாடகையும் கழுவுகூலியும் அறுநூறு, அன்று மாற்று பஸ்ஸுக்கு அப்பா சம்பளத்தில் பிடித்தது இருநூற்று எண்பது. மொத்தம் ஆயிரத்து இருநூற்று முப்பது வெள்ளி.