பச்சையாகிப் போன ஊர்

வீட்டில் அவளுக்குக் 'கலவரம்' என்றுதான் பட்டப்பெயர். அக்கா வைத்தது. பின்னே, பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் உட்கார்ந்து, அடிதடி, தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்று பொழுதுக்கும் பத்திரிகைச் செய்திகளைக் கணினியில் ஏற்றுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அவள் ஏற்றுவதை வைத்துத்தான் அடுத்த மாதம் எந்த ஊரில் சண்டை மூளும் என்று கணினி படம் போடும். ஆபத்தான ஊர் சிவப்பு, அமைதியான ஊர் பச்சை. நிவாரண லாரிகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். அதனாலேயே அந்த வேலை அவளுக்கு உயிர்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் ஆறு மாதமாகச் சிவப்பு. இந்த மாதம் பார்த்தால் பச்சை! அவளுக்குப் பகீரென்றது. அங்கே இருந்த ஒரே பத்திரிகை ஆபீஸையும் கொளுத்திவிட்டார்கள் என்று அக்கா போனில் அழுதது போன வாரம்தான். செய்தி போட ஆளில்லை; செய்தி வராவிட்டால் சண்டையும் இல்லையாம். என்ன அநியாயம் இது!

பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், அங்க பத்திரிகை ஆபீஸையே எரிச்சுட்டாங்க."

"எதுலயாவது அச்சாகி வந்திருக்காம்மா?"

"எரிஞ்சுபோன பத்திரிகை எப்படி சார் அச்சடிக்கும்?"

"புரியுதும்மா. ஆனா போன்ல கேட்டதையெல்லாம் சேர்த்தா, நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எல்லா ஊருக்கும் ஒரே ரூல்தான்."

நல்ல ரூல்!

மறுநாள் நிவாரண அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்ததும், "அப்ப இந்த ஊர் லாரிய வேற பக்கம் திருப்பிடலாம்," என்றார். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. போனை மேசை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அவ வாயாலயே கேளுங்க."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. முதல் மணியிலேயே எடுத்து, "என்னடி கலவரம்?" என்று கேட்கிறவள் எடுக்கவேயில்லை.

பேராசிரியர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உட்காரும்மா."

"மாட்டேன் சார்! என் அக்கா பேசல. அப்ப அவ நல்லா இருக்கான்னு அர்த்தமா? சொல்லுங்க! இதுக்கும் பச்சை அடிங்க!"

அவள் அதே நம்பரை மறுபடி அமுக்கினாள். அதிகாரி எழுந்து தன் போனை எடுத்தார். "லாரிய திருப்பாதே. நேரா அந்த ஊருக்கே போ," என்றார்.

மேசைமேல் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.