கலுங்குக்குக் கீழே ஒரு ராஜ்ஜியம்

அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனைப் பற்றி எழுதுவதில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று படிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கணினி விளையாட்டில் வருகிற மாய தேசத்தை நானும் அவனும் சேர்ந்து உருவாக்கினோம். சேர்ந்து என்று எழுதவே கை கூசுகிறது. ஒரே மேசையின் இரண்டு முனைகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உருவாக்கினோம். விளையாட்டு வெளிவந்த பிறகு, வெளிநாட்டில் அதை ஆடியவர்கள் இந்த தேசத்தை எங்கிருந்து பிடித்தார்கள் என்று இணையத்தில் விவாதித்திருந்தார்கள். ஏதோ பழைய புத்தகம் என்றார் ஒருவர், ஏதோ பனிமலை நாடு என்றார் இன்னொருவர். இராமநாதபுரத்திலிருந்து வாலிநோக்கம் போகும் பஸ்ஸில் பாதியில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இராமநாதபுரத்தில் நான் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன். ஃப்ளெக்ஸ் வந்ததும் ஃப்ளெக்ஸ் கடைக்கே வேலைக்குப் போய்விட்டேன். கணினியை யாரும் சொல்லித் தரவில்லை. திருட்டு சி.டி.யில் இருந்த பாடங்களைப் பார்ப்பேன், இங்கிலீஷ் புரியாத இடத்தில் அம்புக்குறி எங்கே போகிறது என்று மட்டும் கவனிப்பேன். கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளைக்குப் பின்னால் மலையும் அருவியும் போட்டுப் போட்டு, பிறகு மாப்பிள்ளை இல்லாமலே மலைகளைச் செய்ய ஆரம்பித்தேன். அதைப் பார்த்துத்தான் 2007 வாக்கில் சென்னையில் ஒரு சின்ன விளையாட்டு நிறுவனம் கூப்பிட்டது. அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். நான் ரயில் ஏறிய மறுநாளே ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நிறுவனத்தை நடத்திய மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம். மரியாதையாகப் பேசுவார், ஆனால் சுற்றி வளைக்க மாட்டார். "ரெண்டு பேரை எடுத்திருக்கேனுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தரைத்தான் வச்சுக்குவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த இன்னொருவன்தான் அவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். முதல் நாள் போனில் யாரிடமோ "வந்து சேந்துட்டேன், இங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவன் பேசியதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய பட்டணத்தில் நம் பேச்சு. நான்கு நாள் சேர்ந்து சாப்பிட்டோம், அண்ணே அண்ணே என்று அவன் தன் கருவாட்டை என் தட்டில் வைத்தான். ஐந்தாம் நாள் கேட்டான்.

"ராம்நாட்ல எங்கன அண்ணே?"

"வாலிநோக்கம் பஸ்ல பாதியில எறங்கணும்."

"நானும் அந்த பஸ்தான. எந்த ஸ்டாப்பு?"

சொன்னேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு டிபன் பாக்ஸை மூடினான். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

"மேக்கண்மாயா" என்றான்.

"நீ கீழ்க்கண்மாயா."

"ஆமா. நீங்க அடைச்சு வச்சது போக மிச்சத்தக் குடிச்சு வளந்தவன்."

"மிச்சமா. எங்க கலுங்க ஒடைச்சுல்ல குடிச்சீங்க."

அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்மாய் என்றால் ஏரி. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு என்கிற கல் தடுப்பின் மேல் வழிந்து அவர்கள் கண்மாய்க்குப் போகும். கலுங்கு முழங்கால் உயரம் என்பது எங்கள் ஊர் வாதம். கணுக்கால் உயரம் என்பது அவர்கள் ஊர் வாதம். நாங்கள் மண்மூட்டை வைத்து உயர்த்துவோம், அவர்கள் கடப்பாரையோடு வருவார்கள். இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போகிற வழக்கம் கிடையாது. விவசாயம்தான் இரண்டு ஊருக்கும் பிழைப்பு. தண்ணீர் இருந்தால் நெல், இல்லையென்றால் மிளகாய், அதுவும் காய்ந்தால் உப்பளத்துக் கூலி.

விளையாட்டுக்குப் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் கற்கோட்டைப் படங்களும் பனிமலைப் படங்களுமாக ஒரு கட்டு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு பக்கக் கதை: மேலே ஒரு ராஜ்ஜியம், கீழே ஒரு ராஜ்ஜியம், நடுவில் ஓர் ஏரி, அதற்காக ஒரு யுத்தம். மேடம் படங்களை ஒதுக்கி வைத்தார்.

"இந்தக் கோட்டையெல்லாம் எல்லாரும் பாத்தாச்சுங்க. நீங்க ரெண்டு பேரும் ஏதோ காஞ்ச ஊர்ல இருந்து வந்திருக்கீங்கல்ல, அதக் கொண்டாங்க."

மேல் ராஜ்ஜியத்தை எனக்கும் கீழ் ராஜ்ஜியத்தை அவனுக்கும் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பகை தெரிந்து கொடுக்கவில்லை.

கொண்டுவந்தோம். பனிக்குப் பதிலாக வாலிநோக்கத்து உப்பளத்தை வைத்தேன். உச்சி வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது, பார்த்தால் கண்ணில் தண்ணீர் கட்டும். அந்த உப்புக் குவியல்களை அப்படியே பெரிதாக்கி மலைகளாக நிறுத்தினேன். இவ்வளவு கொடூரமான பனியை நாங்கள் பார்த்ததில்லை என்று பின்னால் ஆடியவர்கள் எழுதினார்கள். உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானம் தலைக்கு மேல் தாழப் போகும்போது வயிற்றுக்குள் ஓர் அதிர்வு வருமே, அதைப் பறக்கிற மிருகத்துக்குக் குரலாகக் கொடுத்தேன். சீமைக்கருவேலங்காட்டை மந்திரக் காடாக்கினோம். அதில் அவன் செய்ததுதான் நன்றாக இருந்தது. ஒவ்வொரு முள்ளையும் காலில் வாங்கியவன் செய்த மாதிரி இருந்தது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் பொய் எழுத வராது.

புத்தகத்திலிருந்தும் எடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாடகை நூலகத்தில் மாயாஜாலக் கதைகள் ஒன்று விடாமல் படித்தவன் நான். ஏழு கடல், ஏழு மலை, ஏழு பாலைவனம் தாண்டுவான் ராஜகுமாரன். ஒரு புத்தகத்தில்கூட அவனுக்குத் தாகம் எடுத்ததில்லை. அடுத்த ஊருக்குப் போவதற்கே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போகிற எங்களுக்கு அது எப்படி இருக்கும். அந்தக் கோபத்தில்தான் திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பானையை வைத்தேன். நடக்க நடக்கப் பானை காலியாகும், காலியானால் ஆள் செத்துவிடுவான். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவன் மட்டும் மேசையின் அந்த முனையிலிருந்து சொன்னான்.

"ஒங்க ஊருப் பானைல்ல. அடுத்தவனுக்கு ஊத்தாது."

இருவரும் ஒரே கோப்பில் வேலை செய்தோம். நான் மாலையில் கலுங்கை முழங்கால் உயரத்தில் விட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் கணுக்காலுக்கு இறங்கியிருக்கும். உயர்த்துவேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி இறங்கியிருக்கும். ஏரி ஏன் தினம் ஓர் அளவில் இருக்கிறது என்று மேடம் கேட்டார். ஆவியாகுது மேடம் என்றான் அவன்.

ஐந்து மாதம் போனதும் மேடமே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். என் ராஜ்ஜியத்திலிருந்து கிளம்பிக் கீழே போனார். எல்லையைத் தாண்டியதும் பானை காலி. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒருவன் எந்த ஊர் என்று கேட்டான், கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். அடுத்த வீடு, அடுத்த வீடு. எல்லா இடத்திலும் எந்த ஊர், எல்லா இடத்திலும் கதவு. செத்துப்போனார். கீழேயிருந்து மேலே வந்து பார்த்தார். என் ஊரிலும் எந்த ஊர் என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மறுபடி செத்தார். ஏழெட்டுத் தடவை செத்த பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நான் எதுக்குச் சாகறேன்?"

"அது சரிதான் மேடம்" என்றோம் இரண்டு பேரும். ஐந்து மாதத்தில் ஒன்றாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"எது சரி?"

"அங்க இருந்துல்ல வந்திருக்கீங்க" என்றேன் நான். "எப்பிடித் தண்ணி குடுப்பாங்க."

கதவைச் சாத்துவதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. அவன் எழுதியது எனக்குத் தெரியாது, நான் எழுதியது அவனுக்குத் தெரியாது. ஊர் என்று ஒன்றைச் செய்தால் அதில் இதுவும் இருக்கும் என்று இருவருமே போட்டிருக்கிறோம்.

பிறகு மேடத்துக்கு முன்னாலேயே ஊர்ச் சண்டையை ஆரம்பித்துவிட்டோம். என் அப்பாவுக்கு நடந்ததை நான் எடுத்தேன். ஒரு பஞ்ச வருடத்தில் எங்கள் அய்யா உப்பளத்து வேலை முடிந்து வரும்போது சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்தவர், கால் வெடிப்பில் உப்பு எரிய, அவர்கள் ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். எந்த ஊர் என்றார்கள். பொய் சொல்லியிருக்கலாம், உண்மையைச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள். அய்யா அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கும்போதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் செம்பைக் கீழே வைப்பார்.

"எங்க மாமனுக்கும் ஒங்க ஊருல தண்ணி குடுக்கல" என்றான் அவன்.

"எப்ப?"

"கலுங்கு ஒடைக்க வந்தன்னைக்கு."

"ஒடைக்க வந்தவனுக்கு யாருலே தண்ணி குடுப்பா?"

"ஒடைக்கிறதுக்கு மின்னாடிதான கேட்டாரு."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளான்னிக்கு பணம் போட்டவங்க ஆடிப் பாக்கறாங்க. ரெண்டு ஊர்லயும் வந்தவனுக்குத் தண்ணி கிடைக்கணும். அதை யார் எப்படிச் செய்யறீங்கன்னு பாத்துத்தான் யாரை வச்சுக்கறதுன்னு சொல்லுவேன்."

அன்று மத்தியானமே அவன் முடித்துவிட்டான். அவன் ஊரில் ஒரு கிழவர் கதவைத் திறக்கிறார். எந்த ஊர் என்று கேட்கிறார். சொன்னதும், வாளை வெளியே போடு என்கிறார், மண்ணில் உட்கார் என்கிறார், கையைக் குவி என்கிறார். நின்றபடி மேலிருந்து ஊற்றுகிறார். பாதியில் நிறுத்தி, போதும் போ என்கிறார். குவித்த கையில் சொட்டு விழுவதைக்கூட அத்தனை அழகாகச் செய்திருந்தான். அந்த மண்ணில் உட்கார்ந்திருந்தது எனக்கு எங்கள் அய்யாவாகத் தெரிந்தது.

"இதுக்குக் குடுக்காமயே இருந்திருக்கலாம்" என்றேன்.

"குடுத்தாச்சுல்ல. குடிக்கிறதும் குடிக்காததும் ஒங்க பிரியம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அதைச் செய்யவில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்ய நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எதிராளியை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவனுக்கு இலை போட்டுவிடுவார்கள். பகையாளி கையால் சாப்பிட்டவன் அந்தத் தெருவில் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நானும் போட்டேன். என் ஊரில் வந்தவனை எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு பெண் செம்பைக் கழுவி நிரம்பத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள். வேப்பமர நிழலில் கட்டில் போடுகிறார்கள். அடுத்து மோர். அதில் தாளித்த கடுகு மிதக்கும்படி செய்தேன்.

அவன் பின்னால் வந்து நின்றான். "கொத்தமல்லி?"

கொத்தமல்லியும் போட்டேன். ஒவ்வோர் இலையையும் அவன் ஊரை நினைத்துத்தான் கிள்ளிப் போட்டேன்.

குறித்த நாளில் வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேர் ஆடினார்கள், நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஊரில் மண்ணில் உட்கார்ந்து குடித்தவர்கள் எழுந்ததும் வெளியே கிடந்த வாளைத்தான் எடுத்தார்கள். நான்கு பேருமே அந்தக் கிழவரை வெட்டினார்கள். யுத்தம் பற்றிக்கொண்டது. என் ஊருக்கு வந்தவர்கள் மோர் குடித்தார்கள், கட்டிலில் படுத்தார்கள், ஒருவன் எழுந்து போய்ச் செம்பை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தான். வாளை யாரும் தொடவில்லை. மேல் ராஜ்ஜியம் நல்ல இடம்தான், ஆனால் கதையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேல் ராஜ்ஜியத்தைப் பாழடைந்த ஊராக்கிவிடப் போவதாகச் சொன்னார். கலுங்கைத் திறந்து, தண்ணீர் மொத்தமும் கீழே பாய்வதுதான் விளையாட்டின் முதல் காட்சி.

"உங்க வேலை சுத்தமா இருக்குங்க. ஆனா அவரு செஞ்சதுல பகை இருக்கு. உங்களுதுல இல்லைங்க."

எனக்குப் பகை இல்லையாம். அந்த மோரில் எவ்வளவு விஷம் கலந்தேன் என்று கோயம்புத்தூர்க்காரருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. வெளியே வந்தேன். அவன் மேசையில் இருந்தான்.

"தொறந்துட்டேன்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும்" என்றேன். அதற்கு மேல் நாங்கள் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அய்யா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணினி விளையாட்டு என்றால் அவருக்குத் தெரியாது, பொம்மைக் கண்மாய் என்று சொல்லித்தான் விளக்கினேன். வந்தவனுக்கு நான் மோர் கொடுத்தது, வேலை போனது, பிள்ளைகளை என்ன செய்வது, மறுபடி ஃப்ளெக்ஸ் கடையில் கேட்க வேண்டியதுதான் என்பதையெல்லாம் சொன்னேன். அவர் குனிந்து மிளகாயைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கடைசியா தண்ணி யாருக்கு?"

"அவன் ஊருக்கு."

"பூராவுமா?"

"பூராவும்."

குச்சியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். கீழூர்க்காரனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்குலே அவனுக்கு மோர் குடுத்த?"

அன்றைக்கு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.