மூன்று பெட்டிக்கும் ஒரே வியாதி

என் மேசை என்பது தையல் மெஷினின் இரும்புக் கால்கள் மேல் போட்ட ஒரு பலகை. அதில் ஒரு பழைய லேப்டாப், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. இவை போக ஒரு சோப்புப் பெட்டி வைக்கும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். அந்த இடத்தில் வைக்க ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் தேடி மூன்று வாரம் அலைந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வாடகை அறையில் உட்கார்ந்து, யார் யாரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஏழு வருடம், பூனாவில் ஓட்டல் வேலை, பிறகு ஒரு பிரௌசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து அங்கேயே தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டது என்று காலம் போயிற்று. எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. திருவண்ணாமலையில் மட்டும் நான்காவது வருடம் ஓடுகிறது. மலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். உண்மையில் பிடித்து வைத்திருந்தது இந்த வேலைதான்.

வேலை கொடுப்பவர் சென்னையில் இருக்கும் ஒரு மேடம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்களைத் தேடிப் போய்ப் பேசி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கேட்பவருக்கு ஒன்று, பதில் சொல்பவருக்கு ஒன்று என்று சட்டையில் குத்தும் இரண்டு மைக். பதிவு எனக்கு வரும். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். ஏதாவது சொல் பிடிபடாவிட்டால் அந்த இடத்தில் ‘தெளிவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

ஒரு நாள் போன் செய்தார்.

“பதினேழு இடத்துல தெளிவில்லைனு போட்டிருக்கீங்க. பதினேழும் நான் பேசினது.”

“மேடம் குரல் கொஞ்சம் மெல்லிசுங்க. அதான்.”



“என் குரலா? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்கார். இன்னொரு தடவை சொல்லுங்க.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “அடுத்த ரெக்கார்டிங் ரெண்டரை மணி நேரம். ஒரு மாசம் டைம் தரேன். அதுவும் இப்படி ஓட்டை ஓட்டையா வந்தா வேற ஆள்கிட்டதான் கொடுக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பத்தாவது ஓட்டையிலேயே ஆளை மாற்றியிருப்பேன். என் கவலை வேறு. போர்வெல் லாரியில் நான் நின்ற இடத்துக்கு இடது பக்கம் கம்ப்ரஸர். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பஞ்சு இருக்கும் நாளில் வைத்துக்கொள்வோம். ஆகவே காதா, கருவியா என்று எனக்குள் ஒரு கேள்வி கொஞ்ச நாளாகவே இருந்தது. கருவி என்றால் மாற்றிக்கொள்ளலாம். காது என்றால், கேட்டு எழுதிப் பிழைப்பவனுக்கு மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் கருவிதான் என்று முடிவு செய்தேன்.

முதலில் பழி என் பழைய இயர்போன் மேல் விழுந்தது. சீசன் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும் பங்குனி மாதத்தில், ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடைகளின் பலகையில் சீட்டுகள் ஒட்டியிருக்கும். சைக்கிள், கொசுவலை, யோகா பாய், பாதி தீர்ந்த கேஸ் சிலிண்டர். உலகத்தைத் துறக்க வந்தவர்கள் எவ்வளவு சாமான் சேர்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். அப்படி ஒரு சீட்டைப் பார்த்துப் போய், காதை முழுக்க மூடும் கறுப்பு ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தேன். ஸ்டூடியோக்காரர்கள் மாட்டுவது. லேப்டாப்பில் செருகினால் கண்டக்டரே கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்.

இந்த இடத்தில் பக்கத்து அறைக்காரரைச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். பெங்களூரில் விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து ஒரு மண்டலம் மௌனம் என்று விரதம் எடுத்திருந்தார். நாற்பத்தெட்டு நாள். இந்த ஊரில் சத்தத்தைப் பற்றி முறையாகத் தெரிந்த ஒரே மனிதர் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார், அவர் வாயைத் திறக்க மாட்டார். என் ராசி அப்படி.

ஹெட்போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து எழுதி, நான்கு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். பேச்சைத்தான் விட்டிருந்தார், அபிப்பிராயங்கள் முழுசாக இருந்தன.

அதன் சாரம் இது. ஹெட்போன் மேல் போட்டிருக்கும் 250 என்ற எண் அதன் மின்தடை. லேப்டாப்பின் பலம் அதற்குப் போதாது. எண்ணூறு அடி போர்வெல்லுக்கு அரை ஹெச்.பி. மோட்டார் இறக்கியது போல என்று நான் புரிந்துகொண்டேன். நடுவில் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்வதாக இருக்கட்டும். பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்விட்ச், கையால் திருக ஒரு நல்ல குமிழ், இவை போதும். அழகைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதன் கீழ் இரண்டு கோடு. கடைசிப் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி: மலிவான குமிழ்களில், சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது ஒரு பக்கம் கம்மியாகக் கேட்கலாம்.

நான்கு பக்கத்தில் அந்த ஒரு வரிதான் எனக்கு வேதவாக்கு ஆயிற்று.

ஊருக்குள் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது கம்மி, வாய் பத்து மடங்கு ஜாஸ்தி. எடுத்துப் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவருடைய பெருந்தன்மை. அதற்காக அவர் பின்னால் வருத்தப்பட்டார்.

முதலில் பென்டிரைவ் போன்ற ஒரு குச்சி. சத்தம் கூடியது. ஆனால் மௌஸை நகர்த்தும்போதெல்லாம் உள்ளே கொசு ரீங்காரம். மேடம் குரலும் அப்படியேதான். திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னாணா பிரச்சினை?”

“லெஃப்ட் கம்மியா இருக்கு.”

இரண்டாவது, கறுப்பு இரும்புப் பெட்டி. உள்ளங்கை அகலம். முன்னால் குமிழ், பின்னால் ஸ்விட்ச். என் பலகைக்கு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. கண்டக்டர் கிணற்றைவிட்டு ஏறி வந்து என் தோளில் கை போட்டுப் பேசினார். அவர் பாக்கெட்டில் சில்லறை குலுங்குவது வரை கேட்டது. மேடம் மட்டும் அடுத்த தெருவில் இருந்தார். நான் நான்காம் பக்கத்து வரியை நினைத்துக்கொண்டேன். குமிழ்.

“இதுவுமாணா?”

“லெஃப்ட் கம்மி. குமிழ் சரியில்லை. படிச்சவரு எழுதியே கொடுத்திருக்காரு.”

“குமிழை நல்லா திருகிப் பார்த்தீங்களா?”

“கண்டக்டர் கத்தறாரு. எவ்ளோதான் திருகறது?”

மூன்றாவதில், பழைய ரேடியோவுக்குள் இருப்பது போன்ற இரண்டு கண்ணாடிக் குழாய்கள் செக்கச் செவேலென்று எரிந்தன. பார்த்தவுடன் மனசு போயிற்று. இரண்டு கோடு போட்ட எச்சரிக்கையை மறந்துவிட்டேன். அறைக்கு வந்து சுவரில் செருகினால், பழைய வீட்டில் எர்த் சரியில்லாததால், ஒரு லாரி ஓயாமல் போய்க்கொண்டிருப்பது போல் உறுமல். அந்த உறுமலுக்கு நடுவிலும் இடது பக்கம் கம்மி.

மேடம் கொடுத்த கெடுவுக்கு இன்னும் நான்கு நாள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்து அறைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நானும் வருகிறேன் என்று சைகை. அவருக்கு என் மேல் அக்கறையா, குழாய்ப் பெட்டியைப் பார்க்கும் ஆசையா, தெரியாது.

அன்று பௌர்ணமி. ஆட்டோ ஓடவில்லை. கிரிவலம் வரும் கூட்டம் சாலை முழுக்க எங்களுக்கு எதிரே வந்தது. எல்லோரும் மலையை வலது பக்கம் வைத்து நடக்க, நாங்கள் இடது பக்கம் வைத்து ஊருக்குள் போனோம்.

“சாமி, சுத்து இப்படிங்க!” என்றாள் ஒரு அம்மா.

“கடைக்குப் போறோம்மா.”

“இன்னிக்குக் கூடவா கடை?”

பக்கத்து அறைக்காரர் பதில் சொல்ல முடியாமல் கும்பிட்டுச் சிரித்தார். தாடி வேறு வைத்திருந்தார். அவ்வளவுதான், ஒருவர் காலைத் தொட்டார், இன்னொருவர் கையில் இரண்டு வாழைப்பழம் வைத்தார். ஜீன்ஸ் போட்ட சாமி. பழத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“லெஃப்ட் கம்மி. அதானேணா? மூணு பெட்டியும் மூணு கம்பெனி. மூணுக்கும் ஒரே வியாதியா? இன்னா தொத்து நோயா?”

பக்கத்து அறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த இரும்புப் பெட்டியை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, நான் பென்டிரைவில் கொண்டுபோயிருந்த பேட்டியை ஓடவிட்டு, தானே ஹெட்போனை மாட்டிக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கழற்றினார். கடைக்காரரின் பில் புத்தகத்தை இழுத்து அதன் ஓரத்தில் எழுதினார்: ‘திருப்பி மாட்டுங்க. இடதை வலதுல.’

மாட்டினேன்.

கண்டக்டர் சுருங்கிப்போனார். ஓய்வு பெற்ற பிறகும் பின்படிக்கட்டு வரை கேட்கப் பேசும் அந்த மனிதர், ஸ்டாண்டின் மறுகோடியில் நின்று முணுமுணுத்தார். என் வலது காதுக்குள் ஒரு பெண் குரல், தெளிவாக, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டது:

“யாரையாவது பாதி வழியில இறக்கி விட்டிருக்கீங்களா?”

மெல்லிய குரலே இல்லை. அவர் வீட்டுக்காரர் பாவம்.

ஹெட்போனைக் கழற்றி, சரியாக மாட்டிப் பார்த்தேன். மறுபடி திருப்பினேன். எப்படி மாட்டினாலும் என் இடது காது இருந்த பக்கமே கம்மி. மேடத்தின் மைக் இடது பக்கமாகப் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் இத்தனை நாளும் என் செவிட்டுக் காதிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது. அவர் வாய் மூடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எதிர்க் கடைக்குக் கை காட்டி மூன்று டீ சொன்னார். டீ வந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“ஒருத்தரு பேச மாட்டேங்கறாரு. ஒருத்தருக்கு ஒரு பக்கம் கேக்கல. எங்கிருந்துணா வந்து சேந்தீங்க ரெண்டு பேரும், என் கடைக்குன்னு?”

பக்கத்து அறைக்காரர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது. நானும் சிரித்தேன். பிறகு பில் புத்தகத்தில் அவர் இன்னொரு வரி எழுதினார்: ‘பெட்டி நல்ல பெட்டி.’

அந்த இரும்புப் பெட்டியையே எடுத்துக்கொண்டேன். பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லாததால், பேரம் பேசாமல் வாங்கினேன்.

அறைக்குத் திரும்பியதும் அவர் என் லேப்டாப்பில் ஒரு இடத்தைத் திறந்தார். கண், காது சரியில்லாதவர்களுக்கான பகுதி. நான் அதுவரை அதைத் தொட்டதில்லை. அங்கே ஒரு பொத்தான். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுகிறது. இருவர் குரலும் இரண்டு காதுக்கும் வருகிறது. காசு இல்லாமல், எந்தப் பெட்டியும் இல்லாமல், அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

இரண்டரை மணி நேரப் பதிவை முடித்து ஒரு நாள் முன்னதாகவே அனுப்பினேன். ‘தெளிவில்லை’ ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை போன் வந்தது.

“நடுவுல பால் பொங்குதான்னு நான் வீட்டுக்குப் போன் பண்ணினதைக்கூட எழுதியிருக்கீங்க.”

“கேட்டதை எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்.”

“கண்டக்டர் எதிர்ல நான் கொட்டாவி விட்டதை எழுதச் சொன்னேனா? ‘மேடம் கொட்டாவி விடுகிறார்.’ இதுக்கு அந்தத் தெளிவில்லையே தேவலாம்.” பிறகு, “என்ன மெஷின் வாங்கினீங்க? பேரைச் சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு வாங்கறேன்” என்றார்.

பெட்டியின் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். வேலையும் பத்திரம். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் அதை வாங்கி, காதில் மாட்டி, இதில் என்ன அதிசயம் என்று யோசிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

“மெஷின் இல்லைங்க மேடம். காது. ஒரு காது போயிருக்கு. இவ்ளோ நாளா தெரியாத மாதிரி இருந்துட்டேன்.”

“எந்தக் காது?”

“லெஃப்ட்டுங்க.”

“டாக்டரைப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க.”

“அதைப் பாருங்க முதல்ல” என்று வைத்துவிட்டார். வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை.

போனேன். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்குப் படபடவென்று அழுத்தினேன். இடது காதுக்கு எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்று சோதனை செய்த பெண் கதவைத் திறந்தார். போனது வராது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

எட்டு நாள் கழித்து மேடத்திடமிருந்து அடுத்த பதிவு வந்தது. கடிதம் ஒன்றும் கூட வரவில்லை. இரும்புப் பெட்டியின் குமிழைத் திருகி, ஓடவிட்டேன். பேட்டி தொடங்கும் முன் நாற்காலி இழுக்கும் சத்தம்.

“அண்ணே, அந்த மைக்கை எங்கிட்ட கொடுங்க. நீங்க இதைக் குத்திக்குங்க.”

“ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதான?”

“இல்லண்ணே. எங்க ஆளுக்கு ஒரு பக்கம் மந்தம். நீங்க கத்தறது அந்தப் பக்கமே கேக்கும். நான் இந்தப் பக்கம் வரணும்.”

“யாரும்மா நான் கத்தறேன்? நான் எங்க கத்தினேன்?” என்று கத்தினார் கண்டக்டர்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் பொத்தான் ஒன்று உண்டு, மைக்கை மாற்றத் தேவையே இல்லை என்று நான் அவருக்கு இன்று வரை சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன், நாற்காலிச் சத்தம் உட்பட.