ஒரு சாண் குழாய்

என் பையில் எப்போதும் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்று இருக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். ரயில் நிலையங்களில் பையைச் சோதிக்கும் போலீஸ்காரர்கள் அதைப் பிரித்துப் பார்த்து முகம் சுளிப்பார்கள். வெளியே பச்சைப் பெயிண்ட் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே கரையான் தின்ற மரம் மாதிரி இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைத் துளைகள் வழியாக வெளிச்சம் வரும். இது என்ன என்று கேட்பார்கள். சைக்கிள் சாமான் என்பேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இந்தக் குழாயால் ஒரு மனிதன் ஊரை விட்டுப் போனான் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக, கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்ப்பவனாக, கட்டட வேலையில் சித்தாளாக என்று சுற்றிவிட்டு, எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையில் வந்து நின்றேன். எங்கும் அதிக நாள் தங்காதவன், அங்கே சில வருடங்கள் தங்கினேன். அந்தக் கடைக்கு வருகிறவர்களில் புது சைக்கிள் வாங்கப் பணமுள்ளவர்கள் குறைவு. பழைய இரும்புக்கடையில் ஒரு பிரேம் எடுப்பார்கள். அதற்கு ஒவ்வொன்றாக உயிர் கொடுப்பார்கள். கம்பெனிச் சாமான் விலை அதிகம். லூதியானாவிலிருந்து மூட்டையில் வரும் சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும். பால்ரஸ், பெடல், செயின், ரிம் எல்லாம் அதில் உண்டு. சில நன்றாக உழைக்கும், சில ஒரு மழைக்குத் தாங்காது. எது எப்படி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் உடைவது என்பது எங்கள் கடையில் அன்றாடச் சங்கதி. உடைந்ததைப் பார்த்து யாரும் பயந்ததில்லை, அந்த அக்கா வரும்வரை.

அக்கா கோவளத்து மீன்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். மீன்கூடையோடு ஏறினால் பஸ்ஸில் கண்டக்டர்கள் இறக்கிவிடுவார்கள். தாம்பரம் பக்கத்தில் மீனுக்கு நல்ல விலை. ஆனால் அங்கே மீன் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சைக்கிள் வைத்திருக்கும் ஆண்கள். ஒரு நாள் மத்தியானம் ஒரு பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை.

"இத்த லோடு வண்டியா ஆக்கணும். இன்னா ஆவும்?"

"யாரு ஓட்டப் போறாங்க?" என்று முதலாளி கேட்டார்.

"உன் மாமியாரு. நான்தான் ஓட்டப் போறேன். கேக்குறாரு பாரு."

முதலாளி சிரித்துவிட்டார். அன்றைக்கே வேலை ஆரம்பித்தது. பின்சக்கரத்துக்கு ரிக்‌ஷாவுக்குப் போடுகிற தடித்த கம்பியும் ரிக்‌ஷா டயரும் போட்டோம். முன் ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் தாங்கு கம்பி. கேரியரைப் பற்றவைக்கிற கடையில் சொல்லி, கம்பி வளைத்துச் செய்து வாங்கினோம். மேடேற இலகுவாக இருக்கப் பல் அதிகமுள்ள ஃப்ரீவீல். எல்லாம் லூதியானாச் சாமான்தான், மூட்டையிலிருந்து அவளே பொறுக்குவாள். விரலால் சுண்டிப் பார்ப்பாள், வாயருகே கொண்டுபோய் ஊதிப் பார்ப்பாள். வியாபாரத்தில் தேறத் தேற ஒவ்வொன்றையும் இன்னும் நல்லதாக மாற்றிக்கொண்டே வந்தாள். பிரேமில் மட்டும் கைவைக்க விடவில்லை. "அது அவரு வாங்கினது. அது இருந்துட்டுப் போவட்டும்" என்பாள்.

விடியும்போது கோவளத்தில் ஏற்றினால் கேளம்பாக்கம், சிறுசேரி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று மிதித்து, ஜனங்கள் சமையலுக்கு உட்காரும் முன்னால் சேலையூர் தெருக்களுக்கு வந்துவிடுவாள். கேரியரில் தகரம் அடித்த மரப்பெட்டி. உள்ளே மீனும் உப்புப் போட்ட ஐஸும். ஐஸ் உருகிய தண்ணீர் வெளியேற, பெட்டியின் அடியில் பின்பக்கமாக ஓர் ஓட்டை. அந்தத் தண்ணீர் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வரும். தெருக்காரப் பெண்கள் இதைப் பொறுக்கவில்லை. "கோலம் போட்ட எடத்துல மீன் தண்ணி சொட்டுது, வண்டிய இங்க நிறுத்தாதே" என்றார்கள். வாங்குகிறவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அக்கா பெட்டியைத் திருப்பி வைத்தாள். ஓட்டை இப்போது முன்பக்கம், சீட்டைப் பார்த்து. தண்ணீர் வண்டிமேலேயே வடிந்து காய்ந்துபோகும். வாசலில் சொட்டுவது நின்றது. அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

அவளுக்கு ஒரு கொழுந்தன் இருந்தான். கட்டுமரத்தில் போகிறவன், இன்னும் கல்யாணமாகாதவன். அண்ணன் சைக்கிளில் அண்ணி ஏறித் தெருத்தெருவாகச் சுற்றுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. கடற்கரையில் மீன் ஏலம் விடும் இடத்தில் நாலு பேர் முன்னால் கத்தினான். "வாணாம்னா கேக்க மாட்ற. ஒரு நாள் இல்ல ஒரு நாள் ரோட்டுல வுயுந்து சாவப் போற, பாத்துகினே இரு." அக்கா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சில வாரம் கழித்துக் கேரியரின் போல்ட் ஒன்று மேடவாக்கத்துக்கு முன்னால் தலையற்று விழுந்தது. பெட்டி சரிந்து மீன் கொட்டியது. மாற்றினோம். அடுத்து ஒரே காலையில் பின்சக்கரக் கம்பிகள் வரிசையாக அறுந்தன. அவை ரிக்‌ஷாவையே தாங்குகிற கம்பிகள். முதலாளி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"இது தானா உடையல. யாரோ கை வெக்கிறாங்க."

அந்த வார்த்தைக்குப் பிறகு அக்கா அந்த வண்டியை ஏறி உட்காருவதே வேறு மாதிரி ஆயிற்று. மிதிக்கும் முன் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பாள். ராத்திரியில் வண்டியைக் குடிசைக்குள் தூக்கி வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். உடைந்த இடத்தில் முன்பைவிடத் தடித்த சாமானாகப் போடச் சொன்னாள். எதிராளி ஒருவன் அடிக்க அடிக்க வண்டி கவசம் ஏறிக்கொண்டே போனது போலத்தான் எங்களுக்குத் தோன்றியது. தெரு நாய் குரைத்தால்கூட அவன்தான் வந்தான் என்றாள். பூட்டி வைத்த வண்டியிலும் ஏதோ ஒன்று தளர்ந்தது. அப்படியானால் அவன் பூட்டையும் திறக்கிறான் என்று முடிவு கட்டினோம்.

இந்தச் சமயத்தில் அவன் ஒரு தடவை கடைக்கே வந்தான். ஒல்லியான ஆள், வலது கையில் பழைய தூண்டில் முள் கிழித்த தழும்பு. அக்கா உள்தெருவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வண்டி எங்கள் கடை வாசலில் நின்றது. அவன் அதைச் சுற்றி நடந்தான். முதலாளி ஸ்பேனர்களை எடுத்து உள்ளே வைத்தார்.

"இன்னாண்ணா இது, சொட்டிகினே கீது?" என்றான் என்னிடம்.

"ஐஸ் தண்ணி."

சீட்டுக்குக் கீழே கைவைத்து, விரலைப் பார்த்தான். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இந்த வண்டி வாணாம்னு அண்ணியாண்ட நீயாவது சொல்லுண்ணா. நான் சொன்னா பேஜாராயிடுது" என்றான்.

அவன் போனதும் முதலாளி, "பாத்தியா, நோட்டம் பாத்துட்டுப் போறான்" என்றார்.

மறுவாரம் பின்சக்கரத்தின் பிரேக் கம்பி ஒடிந்தது. முன் பிரேக் மட்டும் அந்த லோடுக்குப் போதவில்லை. சோழிங்கநல்லூர்ச் சந்திப்பில் பஸ்ஸுக்கு முன்னால் கால்களைத் தேய்த்து வண்டியை நிறுத்தினாள். பாதத்தில் தோல் உரிந்து வந்து நின்றவள், ஒடிந்த கம்பியை மேசையில் போட்டாள். ஒடிந்த முனையில் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. அறுத்ததுதான் என்றார் முதலாளி. ஊர்க் கூட்டத்தில் அதையே வந்து சொல்ல ஒப்புக்கொண்டு, கடையை என்னிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

கூட்டத்தில் நடந்ததை அவர் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்களாம். அவன் எல்லோர் முன்னாலும் சொன்ன "வுயுந்து சாவப் போற" என்ற பேச்சைத் திருப்பிக் கேட்டார்களாம். அதைச் சொன்னது உண்டு என்றானாம். வண்டியில் கைவைக்கவில்லை என்றானாம். எந்தக் கட்டுமரத்திலும் அவனை ஏற்றக் கூடாது என்று முடிவானது. கடலுக்குப் போகக் கூடாதென்றால் கோவளத்தில் ஓர் ஆணுக்கு வேறு என்ன இருக்கிறது? சில நாள் கரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு காலையில் அவன் இல்லை.

அவன் போனபின் வண்டி ஒழுங்காக ஓடியது. மாதக்கணக்கில் ஒரு நட்டுகூடக் கழலவில்லை. "அவன் போனான், பேயும் போச்சு" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எல்லாமே அப்போதுதான் புதிதாக மாட்டிய சாமான்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் கேரியரின் போல்ட் ஒன்றை முடுக்கினேன். அதன் தலை என் ஸ்பேனரிலேயே பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், அடுக்கடுக்காக உதிர்ந்தது. அக்கா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது இவ்வளவுதான்: "அவன் வந்துட்டானா?"

வரவில்லை என்று அவளுக்கே தெரியும். வேறு போல்ட் போட்டுக் கொடுத்தேன். அன்று அவள் பேரம்கூடப் பேசாமல் போனாள்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. மீன்காரம்மா சிறுசேரியில் விழுந்து கிடக்கிறாள் என்று ஒரு லாரிக்காரர் கடைக்கு வந்து சொன்னார். வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அப்போது அங்கே பனைமரங்களும் முள்காடும்தான். சாலை ஓரத்தில் பெட்டி பிளந்து கிடந்தது. மீன்களின் மேல் காக்கைகளும் பருந்துகளும். அக்கா ஒரு பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. அவளுக்கு எதிரில் வண்டி இரண்டாக மடிந்து கிடந்தது. நாங்கள் மாட்டிய ரிக்‌ஷா டயர், தடித்த கம்பி, தாங்கு கம்பி எல்லாம் முழுசாக இருந்தன. ஒடிந்திருந்தது பிரேம், சீட்டுக்குக் கீழே நிற்கும் அந்தக் குழாய். கைவைக்காதே என்று அவள் சொன்ன ஒரே இடம். அதன் வாயிலிருந்து காவிநிறத் தண்ணீர் இன்னும் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாக்குல வெச்சுப் பாரு தம்பி" என்றாள்.

வைத்துப் பார்த்தேன். உப்பு.

"கட்டுமரத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டோம். கயிறு போட்டுத்தான் கட்டுவோம். ஏன்? இரும்ப உப்புத் தின்னுடும். பொறந்ததுலேர்ந்து தெரியும் எனக்கு. அங்க தெரிஞ்சது இங்க தெரியாமப் பூடுச்சு, பாரு."

கை ஒடிந்ததற்கு அழாதவள், அப்போது அழுதாள்.

உடைந்தவை எல்லாமே சீட்டுக்குக் கீழேயோ பின்னாலோதான் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புலப்பட்டது. முன்பக்கத்தில் எதுவும் ஒரு நாளும் கழன்றதில்லை. பெட்டியைத் திருப்பி வைத்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது. சீட்டுக் கம்பி இறங்கும் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் குழாய்க்குள்ளும் இறங்கியிருக்கிறது. பிரேக் கம்பியின் பளபளப்பு, மிச்சமிருந்த கொஞ்சம் நல்ல இரும்பு கடைசியில் முறிந்த இடம். முதலாளியிடம் குழாயைக் காட்டினேன். கல்லாவுக்கு அடியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். நான் அங்கே நின்றவரையில் அவர் நிமிரவில்லை.

ஊரில் அக்கா கூட்டம் கூட்டச் சொல்லி உண்மையைச் சொன்னாள். அவன் மேல் போட்ட தடையை எடுத்தார்கள். எடுத்ததைச் சொல்ல ஆள்தான் இல்லை. காசிமேட்டில் பார்த்ததாக ஒருவர், நாகப்பட்டினத்தில் என்று ஒருவர். என் கால் ஓரிடத்தில் நிற்காது என்று அக்காவுக்குத் தெரியும். நான் தாம்பரத்தை விட்டுக் கிளம்பியபோது, அந்தக் குழாயில் ஒரு சாண் அறுத்துத் தரச் சொன்னாள்.

"எங்கனா அவன் கண்ணுல பட்டா இத்தக் காட்டு."

"அவன் செய்யலேன்னு அவனுக்குத் தெரியும்தானேக்கா? இது எதுக்கு?"

"அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவனுக்குத் தெரிய வாணாமா?"

கடலூர், தூத்துக்குடி, கொச்சி என்று துறைமுகங்களில் மூட்டை தூக்கியிருக்கிறேன், வலை இழுத்திருக்கிறேன். வலது கையில் தழும்புள்ள ஒல்லியான ஆட்களிடமெல்லாம் இந்தக் குழாயை நீட்டியிருக்கிறேன். கடலில் வேலை செய்கிறவர்கள் விளக்கம் கேட்பதில்லை, பார்த்ததும் உப்பு என்கிறார்கள். அவனை நான் இதுவரை பார்க்கவில்லை.

போன மாதம் கோவளம் போனேன். பஸ் சிறுசேரியைக் கடந்தபோது பனைமரம் இருந்த இடம் எது என்று தெரியவில்லை. கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒடிந்த மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, பெட்டி தூக்க ஆகாது. அந்த விபத்துக்குப் பிறகு அவள் சைக்கிளில் ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவன் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள். கையை மட்டும் நீட்டினாள்.

குழாயைக் கொடுத்தேன். துணியைப் பிரித்ததும் மடியில் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. போன தடவையைவிட அதிகம். தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயை எடுத்து, விரலால் உள்ளேயும் வெளியேயும் தடவினாள். நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் இதைச் செய்வாள். அந்த வண்டிக்கு நாங்கள் எத்தனையோ சாமான் மாற்றினோம். அந்தக் குழாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். துளைகள் பெருகியிருந்தன.

"அவன் வர்ற வரைக்கும் இது தாங்குமா தம்பி?" என்றாள்.

துணியைச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, என் பையில் அவளே வைத்தாள்.