பதின்மூன்றாவது அடுப்பு

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். ஒரே தகரக் கூரை, அறை அறையாகப் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். அடுப்பை மட்டும் எண்ணினால் பதின்மூன்று வந்தது. அந்தப் பதின்மூன்றாவது என் யோசனையில் வைத்தது.

எண்ணுவது எனக்கு ஒரு நோய். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். நீதிமன்றத்தில் வாங்குப் பலகையில் காத்திருக்கும் பெண்களை எண்ணுவேன், சுவரோரம் சாத்தியிருக்கும் குடைகளை எண்ணுவேன். குடைகள் குறைந்தால், யாரோ நனைந்து வந்திருக்கிறார்கள், காய்ச்சலில் விழுந்து அடுத்த தவணைத் தேதிக்கு வராமல் போவார்கள் என்று கவலைப்படுவேன். விவாகரத்து, தாபரிப்புப் பணம், பிள்ளை யாரிடம் இருப்பது, இவைதான் என் தொழில். ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே என் அலுவலகம். கடையின் முஸ்லிம் முதலாளி நான் படியேறும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"சேர், இன்னைக்கு எத்தன பேரப் பிரிச்சீங்க?"

"ஒருத்தரையும் பிரிக்க முடியல நானா. எல்லாருக்கும் தவணதான்."

"அப்ப நீங்க பிரிக்கிறவர் இல்ல. சேத்து வைக்கிறவர்."

சிரித்துக்கொண்டே ஏறுவேன். ஆனால் அந்தப் பேச்சு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் என்னை விடாது. எங்கள் நாட்டில் கணவனும் மனைவியும் மனமொத்து 'பிரிகிறோம்' என்று சொன்னால் மட்டும் போதாது. ஒருவர்மேல் குற்றத்தைக் காட்ட வேண்டும். வேறு ஆளோடு உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, இல்லாவிட்டால் தாம்பத்தியத்துக்கு இயலாமை. சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது என் தலையில் கறுப்பு மயிர் இருந்தது. இப்போது மயிரே அதிகமில்லை. மாற்றப் போகிறார்கள் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.

அந்த லயத்துப் பெண் என்னிடம் வந்தது வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து எடுப்பவள். இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். அந்த இன்னொருத்தி விரட்டியதும் திரும்பி வந்து, காம்பராவின் முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் பாயை விரித்துக்கொண்டான். பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை.

"அந்தக் கொழும்புப் பொம்பள பேர் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். பேர் கேக்கணும்னா அந்தாளோட பேசணுமே."

"அவன வெளிய போகச் சொல்றதுதானே?"

"காம்பரா அவங்கப்பா பேர்ல குடுத்ததுங்க."

"அப்ப நீ வெளிய வா."

"எங்கிட்டுங்க சார்? வேல அந்தத் தோட்டத்துலதானே. இத விட்டா இன்னொரு காம்பரா யாரு தருவா?"

அவளுடைய அவசரம் வேறு. தோட்டத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, ஒரு குசினி. காணி உறுதிப் பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்தே எழுதுவார்களாம்.

"பேர் பதியிறதுக்கு முந்தி விடுதல வாங்கிக் குடுத்துருங்க சார். இல்லாட்டி இங்க கட்டிப் போட்டிருக்கிற ஆள அங்கயும் கொண்டாந்து கட்டிருவாங்க."

அவனும் கணக்குத் தெரிந்தவன். வழக்கின் அழைப்பாணை கைக்கு வந்தபோது, "வீடு வர்ற நேரத்துல எவனாவது பிரிவானா?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தானாம்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கொழும்புக்காரியைக் கொண்டுவர வழியில்லை. கைவிட்டுப் போனான் என்று வழக்கு வைத்தால், ஆள் பத்தடி தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் கேட்டேன்.

"அடுப்புப் பிரிச்சாச்சாம்மா?"

லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். அண்ணன் தம்பி சண்டை போட்டால் தனிவீடு போக முடியாது. அதே காம்பராவில் இன்னொரு அடுப்பு வைப்பார்கள். அன்றிலிருந்து அது இரண்டு குடும்பம். கலியாணத்துக்குச் சொல்ல வருபவர்கள் இரண்டு தரம் சொல்வார்கள், கோயில் திருவிழாவுக்கு வரி கேட்பவர்கள் இரண்டு தரம் கேட்பார்கள். சுவர் எழுப்பத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வேண்டும். அடுப்பு வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுப்பு வேறானால், ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் அவன் கைவிட்டவன்தான் என்று நான் வாதாடலாம்.

அந்த வாரமே பிரித்தாள். மண் அடுப்பு அவளுக்கு. இஸ்தோப்பு மூலையில் மூன்று கல் அவனுக்கு. அதே காம்பராவில் இருந்த மாமியார்க் கிழவி மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு மருமகள் பக்கம் வந்துவிட்டதாம்.

"கெழவி என்ன சொல்லுச்சு தெரியுங்களா சார்? 'அவன் வெந்நி வச்சாலும் அடிப்பிடிக்கும், நா ஒங்கிட்டயே திங்கிறேன்'னுச்சு."

நான் நேரில் போய் அடுப்புகளை எண்ணினேன். இந்த வழக்கு முடிந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடுவேன் என்று வீட்டில் சொன்னேன். "இது எத்தனாவது கடைசி வழக்கு?" என்றாள் மனைவி. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

தவணைமேல் தவணை போட்டு, ஒருவழியாக அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். எதிர்த்தரப்பு சட்டத்தரணி ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி. அவள் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழதானே இருக்கீங்க?"

"ஆமாங்க. பன்னெண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழதாங்க. அதுக்காக மத்த பதினோரு ஆம்பளையும் எனக்குப் புருஷனா?"

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அதைச் சிங்களத்தில் சொன்னார். வாங்கில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நீதிபதி தென்பகுதியிலிருந்து வந்தவர், லயத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார். ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றி அவரே கேட்டார். யார் சமைக்கிறது, யார் சாப்பிடுகிறது, கிழவி எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். குறுக்கு விசாரணையில் மிச்சத்தை அடுத்த தவணைக்கு வைத்தார்கள். அன்று மாலை அலுவலகப் படியேறும்போது, வழக்கமாக வலிக்கிற முழங்கால் வலிக்கவில்லை.

இடையில் கிழவி செத்துப்போனது.

கருமாதிக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வழக்கு நடத்துகிறவன் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அதுவரை பக்கத்துக் காம்பராக்களிலிருந்துதான் சோறு வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் நெருப்பு. நான் லயத்தின் ஓரத்தில் நின்று, பழக்கதோஷத்தில் எண்ணினேன். பன்னிரண்டு. இன்னொரு தரம் எண்ணினேன். பன்னிரண்டுதான். இஸ்தோப்பு மூலையில் மூன்று கற்களைக் காணவில்லை. பிணத்தைக் கிடத்த இடம் ஒதுக்கியபோது யாரோ தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள்.

பந்தியில் மொட்டைத் தலையோடு அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதலில் எனக்குப் பரிமாறினாள், பிறகு அவனுக்கு. மறுசோறும் போட்டாள். அந்த ஒரே அடுப்பில் வெந்த சோற்றை நானும் தின்றேன். கை கழுவப் போகும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளைக்கே அந்தக் கல்லத் திரும்ப வச்சிரும்மா. விளங்குதா? நாளைக்கே."

"சரிங்க சார்," என்றாள்.

வைக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது நீதிமன்றத்தில்தான்.

"மாமியார் செத்தப்போ நீங்களும் அவரும் சேர்ந்துதானே தண்ணிக் குடம் எடுத்து வந்தீங்க?" என்று எதிர்த்தரப்புப் பெண் கேட்டாள்.

"ஆமாங்க. மகனும் மருமவளுந்தானே எடுக்கணும்."

"அதுக்குப் பிறகு அவர் எங்க சாப்பிட்டார்?"

நான் எழுந்து ஆட்சேபித்தேன். என்ன ஆட்சேபணை என்று எனக்கே தெரியவில்லை. நீதிபதி உட்காரச் சொன்னார்.

"எங்கிட்டத்தாங்க," என்றாள்.

"எவ்வளவு நாள்?"

"முப்பதாம் நாள் காரியம் முடியிற வரைக்குங்க."

மறு விசாரணைக்கு எழுந்தேன். சட்டப் புத்தகத்தில் இருக்கிற கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. "ஏம்மா அப்படிச் செஞ்ச?" என்று வீட்டில் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன்.

"மொட்டத் தலையோட தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கிறாருங்க சார். தாய் செத்த மனுசன். எம் புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்குதுங்க. போய்யான்னு எப்புடிச் சொல்றது? நா கெழவிக்குத்தாங்க செஞ்சேன். அந்தாளுக்கு இல்ல."

மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். தீர்ப்புச் சொன்ன நாளில் அவர் குரலில் கடுமை இல்லை. இருவரும் திரும்பச் சேர்ந்து வாழ்ந்திருப்பதாகத் தோன்றுகிறது, கைவிட்டது நிரூபிக்கப்படவில்லை, வழக்குத் தள்ளுபடி. வெளியே வந்தபோது எதிர்த்தரப்புப் பெண் என் குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "மன்னிச்சிருங்க சேர்," என்றாள். அவள்மேல் என்ன பிழை? அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நான் போட்ட மேன்முறையீடு முடிவதற்குள் வீட்டுக்குப் பேர் பதிய வந்துவிட்டார்கள். வேலை முடிந்து ஈரச் சேலையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் வீடாம் சார். போடாட்டி லயத்துலயே கெடக்கணும். மழைக்குக் கூரை ஒழுகுது. பெரியவ வயசுக்கு வந்துட்டா. போடவா, வேணாமா?"

அவளிடம் மாற்றி மாற்றி எண்ணிக் காட்டினேன். போட்டால் இது, போடாவிட்டால் அது. எந்த வழியாக எண்ணினாலும் அவன் மிஞ்சினான். கடைசியில், "போடும்மா," என்றேன். நானூறு பக்கச் சட்டப் புத்தகம் மேசையில் இருந்தது. அதில் அதைத் தவிர வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் இறங்கி அந்த வீட்டைப் பார்த்தேன். நல்ல வீடு. நீலப் பூச்சு, நிமிர்ந்த கூரை, புகைபோக்கி வைத்த குசினி. முன் அறையில் அவன் கால்மேல் கால் போட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க சார், வாங்க. நம்ம வீடு எப்புடி?" என்று என்னிடமே கேட்டான்.

அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். புதுக் குசினியை அவனுக்கு விட்டுவிட்டாள். பின்சுவரோரம் நாலு தகரத்தைச் சாய்த்து, கீழே மண் அடுப்பு போட்டிருந்தாள். பூசிய மண் இன்னும் காயவில்லை. இரண்டு பிள்ளைகளும் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்க செத்துப்போக யாரும் இல்லைங்க சார்," என்றாள். "இந்தத் தடவ கல்லத் தூக்க வேண்டி வராது. எத்தன நாள் ஆனாத் திரும்பக் கேஸ் போடலாம்?"

நாள் கணக்கு சட்டத்தில் இல்லை, நீதிபதி நம்புகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப இன்னையிலேருந்து எண்ணிக்கிட்டு வாங்க. நீங்க இருப்பீங்கதானே?"

இருப்பேன் என்றேன். வீட்டுக்கு வந்து, சலவைக்குப் போட்டுப் பெட்டியில் வைக்க எடுத்திருந்த கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீடு, இரண்டு அடுப்பு. எண்ணத் தொடங்கிவிட்டேன்.