ஈயத்தாள் உடுத்தி வந்தவர்

எங்கள் தோட்டத்து நாடகங்களில் ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்கும். முதலில் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் படிப்பார். பிறகு மேடையில் நிற்பவர் அதையே உரக்கச் சொல்வார். வாரம் முழுவதும் கொழுந்தெடுத்து, உரம் சுமந்து, ஆலையில் நின்று வருகிறவர்களுக்கு மனப்பாடம் செய்ய நேரம் ஏது? பார்க்க வருகிறவர்களுக்கும் அது பழகியிருந்தது. பின்குரல் கொஞ்சம் தாமதித்தால், "என்னலா, கிராணி தூங்கிட்டாரா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்பார்கள்.

எழுபதுகளில் மலேசியாவில், கேமரன் மலையின் அந்தத் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் இளைய கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தேன். நாடகம் எழுதுகிறவனும் நான்தான், பின்குரலும் நான்தான். ஆகவே மேடையில் யார் எதைச் சொன்னாலும் அது கிராணியின் வார்த்தை என்றே தோட்டம் நம்பியது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் வேறோர் உலகத்திலிருந்து ஒருவர் எங்கள் மலையில் வந்து இறங்குகிறார். அவர் பேசுவதில்லை. அவர் தொட்ட தேயிலைச் செடிகள் வெளுத்துப்போகின்றன. அது தாக்குதலா, நோயா, அவர் வணக்கம் சொல்லும் விதமா, யாருக்கும் தெரியாது. லயத்து வரிசை வீடுகளில் வாழும் மக்கள் அவரை அழிக்க முடிவு செய்து, கங்காணியின் முதுகில் பூச்சிமருந்து பம்பை மாட்டி அனுப்புகிறார்கள். கங்காணி வந்தவரை நேருக்கு நேர் பார்க்கிறார். பம்பின் குழாயைத் தூக்குகிறார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்காருகிறார். எதிரே நிற்பவரும் உட்காருகிறார். திரை விழுகிறது. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதற்கு நான் பதில் எழுதவில்லை. யாரென்று தெரியாதபோதே ஒருவரைக் கொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

கங்காணியாக நடித்தவன் என் நண்பன். ஆலையில் தேயிலை சலிக்கும் பிரிவில் வேலை. தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். உயரமும் குரலும் அவனுக்கு, எழுத்து எனக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். முதல் ஒத்திகையிலேயே அவன் முகம் சுளித்தான்.

"டேய், கடைசியில உட்கார்றதுக்கா இம்புட்டுக் கனமான பம்பத் தூக்கிட்டு மலை ஏறுறேன்?"

"யாருன்னே தெரியாதவர் மேல எப்படிடா அடிப்ப?"

"நாம தெரிஞ்சுக்கிட்டா அடிக்கிறோம்? இலையில பூச்சியக் கண்டா முதல்ல மருந்து. பேரெல்லாம் அப்புறம்லா."

"இவர் பூச்சி இல்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்? நீதானே ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதி வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "கேக்காம கொள்ளாம வந்து இறங்கினா அடிக்காம என்ன செய்வாங்க?" என்றார். ஓரத்தில் உட்கார்ந்து, தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டும் ஈயத்தாளை உடுப்புக்காக வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: "நம்ம தாத்தா மட்டும் கேட்டுட்டா கப்பல்ல வந்து இறங்கினாரு?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வாதம் அதோடு முடிந்தது. நண்பன் என் தோளில் கை போட்டு, "சரிடா, நீ எழுதினது எழுதினதுதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றான்.

வசனமே இல்லாத வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்போது பேராக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். தனியாள். லயத்தின் கடைசி வீடு. மருந்தடிக்கும் வேலை. ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. "அந்த ஆளையே போடுலா. யாரு எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வேஷமே தேவையில்ல" என்றான் நண்பன்.

நான் போய்க் கேட்டேன்.

"கடைசியில என்னைய அடிப்பாங்களா கிராணி?"

"இல்லண்ணே. யாரும் தொடக்கூட மாட்டாங்க. ரெண்டு பேரும் எதிரெதிரா உட்காருவீங்க, அவ்வளவுதான்."

"அப்போ சரி."

ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கங்காணி உட்கார்ந்ததும் அவர் உட்காரும் விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் எதிரே இருப்பவரின் கைகளைப் பார்ப்பார், பிறகு முகத்தை, பிறகு மெதுவாக ஒரு முழங்காலை மடிப்பார். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளாக ஆக, தேநீர் ஊற்றும்போது அவருக்கும் ஒரு குவளை வைத்தார்கள். "வேத்து கிரகம், சீனி போதுமா?" என்று கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மண்டபத்தின் சன்னல்கள் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈயத்தாள் சரசரக்க அவர் மேடைக்கு வந்ததும் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. கடைசிக் காட்சியில் நண்பன் பம்பின் குழாயைத் தூக்கினான். நான் பின்னாலிருந்து, "கீழே வை" என்றேன். அவன் வைக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து உரக்கச் சொன்னேன். "கீழ வைடா!" முன்வரிசை சிரித்தது.

அப்போது மேடையின் மறுபக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு பின்குரல் கேட்டது. நான் எழுதாத வசனம். "தெரியாதவனுக்கு எங்க மண்ணுல இடமில்ல!" அது என் அக்காவின் குரல்.

நண்பன் அதைத் தன் கம்பீரக் குரலில் திருப்பிச் சொன்னான். பிறகு அவர் முகத்தில் பம்பைப் பீய்ச்சி அடித்தான்.

அது அவர் தினமும் முதுகில் சுமக்கும் பம்பு. அதில் என்ன இருக்கும், அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று மேடையில் அவருக்குத்தான் தெரியும். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். "தண்ணி குடுங்க, கண்ணு போச்சு, தண்ணி" என்று தவழ்ந்தார். மண்டபம் விசிலடித்தது. நாடகம் என்று நினைத்தார்கள். நான் திரைக் கயிற்றை இழுத்தேன். சரியான இடத்தில் திரை விழுந்ததாகக் கைத்தட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

பின்கட்டுக் குழாயடியில் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நண்பன் அவர் முதுகில் தட்டி, "வெறும் தண்ணிண்ணே! நல்லா கழுவிட்டுத்தான் ஊத்தினோம்லா" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னீங்களே கிராணி."

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா."

அவர் எப்படி நம்புவார்? திரைக்குப் பின்னாலிருந்து வருவதெல்லாம் என் வார்த்தை என்பதுதானே தோட்டத்தில் வழக்கம். ஈயத்தாள் உடுப்பைக் கழற்றி, கிழியாமல் மடித்து, பெஞ்சின் மீது வைத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாமல் அவர்கள் தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். குழுவில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் இருவரைத் தவிர.

"அவனுக்குச் சொல்லியிருந்தா அந்தப் பயம் வந்திருக்குமா?" என்றான் நண்பன். "உனக்குச் சொல்லியிருந்தா விட்டிருப்பியா? கைத்தட்டக் கேட்டல்ல? அது உனக்குத்தாண்டா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "வருஷம் முழுக்கத் துரைக்கும் கங்காணிக்கும் தலையாட்டுறவங்க தம்பி. ஒரு நாளாவது யாரையாவது ஜெயிக்கணும்னு இருக்காதா?"

"யாரை ஜெயிச்சோம்க்கா?"

அவள் மிச்சமிருந்த ஈயத்தாளைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பன் ஏமாற்றியதைவிட அதுதான் என்னை அதிக நாள் உறுத்தியது.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அவர் வழக்கம்போல் பம்போடு நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் வாயால் பம்புச் சத்தம் எழுப்பிச் சிரித்தார்கள். யாருக்கும் அவர் மேல் பகை இல்லை. அதனால்தான் சிரிப்பும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. ஆனால் அந்த நாடகம் நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் மேடையேறியது. "எங்கள் கிராணி எழுதிய நாடகம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தே நண்பன் ஒவ்வொரு முறையும், விஷயம் தெரியாத ஒரு புது ஆளின் முகத்தில், பம்பை அடித்தான்.

எண்பதுகளில் ஒரு நாள் கோலா தெர்லாவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். சாலையோரத்தில் லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. நான்தான் தயங்கினேன், அவர் தயங்கவில்லை.

"நல்லா இருக்கீங்களா கிராணி? நம்ம நாடகத்தப் பொங்கலுக்குத் திரும்பப் போடுறாங்களாமே. கம்போங் ராஜாவுல பேசிக்கிட்டாங்க."

"நம்ம நாடகம்" என்று அவர் சொன்னதும், "அண்ணே, அந்தக் கடைசிக் காட்சி நான் எழுதினது இல்ல" என்றேன். இத்தனை ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்தது அந்த ஒரு வரிதான்.

அவர் நம்பினாரா, இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. லோரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"என் வேஷத்த இப்ப யாரு போடுறாங்க?"

"யாரோ புது ஆளாம்."

"அவருகிட்ட முன்னாலயே சொல்லிடுங்க கிராணி. பம்புல வெறும் தண்ணிதான் இருக்கும்னு." லோரியில் ஏறிக்கொண்டார்.

அந்த வாரமே ஒத்திகைக்குப் போனேன். நண்பன் என்னைப் பார்த்ததும், "வாடா எழுத்தாளா!" என்று கட்டிக்கொண்டான். நான் ஈயத்தாள் உடுத்தியிருந்த புதியவரிடம் நேராகப் போய், கடைசியில் நடக்கப்போவதை எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"கெடுத்துட்டியேடா! இனி எப்படி அவன் பயப்படுவான்?" என்று கத்தினான் நண்பன்.

புதியவர் பம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்ச் சொல் அவருக்குப் போதவில்லை என்று புரிந்தது. நான் குழாயை என் பக்கம் திருப்பி, முகத்தில் அடித்துக் காட்டினேன். தண்ணீர்தான். ஆனால் எவ்வளவு கழுவியும் மருந்து வாடை போகவில்லை.