பெயர் போட்டு வந்த பதில்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு இன்டர்நெட் கடையில் அவரைச் சந்தித்தேன். இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கும் தமிழர். ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். ஆனாலும் தினமும் முகம் மழித்துக்கொண்டு வந்து, அழைப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு ஹோட்டலின் இணையதளத்தில் காவலாளி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். உடனே திரையில் வந்த பதிலை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் பெயர் போட்டு, 'விரைவில் அழைக்கிறோம்' என்றிருந்தது.

"பேரு சொல்லி எழுதிருக்காங்க தம்பி. அதான் வைட்டிலாவுல கிடைச்ச வேலைய வேண்டாம்னுட்டேன்."

அந்தத் தளத்தைச் செய்தவன் நான். யார் பெயரைத் தட்டினாலும் அதே பதில்தான் வரும். இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அவ்வளவுதான். என் பெயரைத் தட்டிக் காட்டினேன். என்னையும் விரைவில் அழைப்பதாகச் சொன்னது.

"அப்போ இத யாரு எழுதினது?"

"நான்தான் சேட்டா."

காகிதத்தை ஒருமுறை பார்த்தார். "நல்லா எழுதிருக்கீங்க தம்பி. நான் நம்பிட்டேனே."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனிதர்.